வீட்டுக்குள் ஒரு சிறு கடல்

முன்னறையில் ஒரு மீன்தொட்டி இருந்தால் வீட்டுக்கு வரும் சிறுவர்களின் கண்கள் முதலில் அதனையே தேடும். கப்பி, தங்கமீன் போன்ற நன்னீர் மீன்களை வளர்த்துப் பழகிய குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஆனால் 2003இல் ‘ஃபைன்டிங் நீமோ’ திரைப்படம் வெளிவந்த பின்னர், செம்மஞ்சள் உடலில் வெள்ளைப் பட்டிகள் கொண்ட அந்தக் கோமாளி மீனைக் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகளும் பெருகிவிட்டார்கள். அது கடல் மீன். அதற்கு உப்பு நீர்த் தொட்டி வேண்டும்.

உப்பு நீர்த் தொட்டி பணக்காரர்களுக்கும் ஹோட்டல்களுக்கும் உரியது என்று எண்ண வேண்டியதில்லை. சிறிய அளவில், ஒழுங்காகப் பராமரிக்கக் கூடியவர்கள் எவரும் வைத்திருக்கலாம். இதற்குப் பணத்தைவிடப் பொறுமையே அதிகம் தேவை. சனிக்கிழமை தொட்டியும் ஞாயிற்றுக்கிழமை மீனும் வாங்கிய வீடுகளில் அடுத்த ஞாயிறு வருவதற்குள் மீன் இறந்துபோவது வழக்கம். மீனை வளர்ப்பதற்கு முன்னர் நீரை வளர்க்க வேண்டும் என்பதை அறியாததே இதற்குக் காரணம்.

தொட்டியும் இடமும்

சிறிய தொட்டி என்றாலும் மிகச் சிறியதைத் தெரிவு செய்யாதீர்கள். நீர் குறைவாக இருந்தால் வெப்பமும் உப்பும் விரைவாக மாறிவிடும். 60 சென்ரிமீற்றர் நீளமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் 40 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி ஆரம்பத்துக்குப் பொருத்தமானது. மணலும் கற்களும் போக அதில் ஏறத்தாழ 80 லீற்றர் நீர் நிற்கும். கண்ணாடியையும் சேர்த்தால் அதன் பாரம் 100 கிலோகிராமைத் தாண்டிவிடும். ஆகவே உறுதியான, ஆடாத மேசை அவசியம். யன்னலோரத்து வெயில் படும் இடமும், சமையலறைப் புகை வரும் இடமும் கூடாது.

நீரை வடிகட்டும் ஃபில்டர், நீரோட்டத்தை உண்டாக்கும் சிறு பம்ப், எல்.ஈ.டி. விளக்கு, வெப்பமானி, உப்பின் அளவைக் காட்டும் ஹைட்ரோமீற்றர், நீரைச் சோதிக்கும் கிட் ஆகியன வேண்டும். பிளக் பொயின்ட் தொட்டிக்கு நேர் கீழே இருக்கக் கூடாது. உப்பு நீர் தெறித்துக் காய்ந்தால் வயர்களில் வெள்ளையாகப் படியும். அதன் வழியே மின்சாரம் கசியலாம். வயரைப் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கவிட்டு மேலே கொண்டு சென்றால், வழியும் நீர் பிளக்குக்குள் போகாது. வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருப்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

சமையல் உப்பு ஏன் ஆகாது?

“கடலிலிருந்து எடுத்த உப்புத்தானே, அதையே கரைத்தால் என்ன?” என்று பலரும் கேட்பதுண்டு. புத்தளம், அம்பாந்தோட்டை, ஆனையிறவு உப்பளங்களில் கடல் நீர் வற்றும்போது கல்சியம் சேர்ந்த பொருட்கள் முதலில் படிகின்றன. அதன் பின்னரே நாம் உண்ணும் சோடியம் குளோரைட்டு விளைகிறது. மக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் கடைசியில் எஞ்சி வெளியேற்றப்படுகிறது. எனவே சமையல் உப்பைக் கரைத்தால் உவர்ப்பு வருமேயன்றிக் கடல் நீர் வராது. மீன்தொட்டிக்கென விற்கப்படும் செயற்கைக் கடல் உப்பில் விடுபட்டவை யாவும் சேர்க்கப்பட்டிருக்கும்.

ஒரு லீற்றர் நீருக்குச் சுமார் 35 கிராம் என்ற கணக்கில் அதனைக் கரைக்க வேண்டும். 80 லீற்றருக்கு 2.8 கிலோகிராம் வரை செல்லும். ஹைட்ரோமீற்றர் 1.025 காட்டினால் அளவு சரி. குழாய் நீரிலுள்ள குளோரீனும், யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் காணப்படும் நைத்திரேற்றும் தொட்டிக்கு ஆகாதவை. ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரே சிறந்தது.

கரையோரத்தில் வாழ்பவர்கள் கடல் நீரையே எடுக்கலாம். ஆனால் ஆற்று முகத்துவாரம், துறைமுகம், மீன்வாடி, கழிவு நீர் சேரும் இடம் ஆகியவற்றின் அருகே எடுக்கக் கூடாது. மழை பெய்த நாட்களிலும் தவிர்க்க வேண்டும். வாவி நீரின் உவர்த்தன்மை பருவத்துக்குப் பருவம் மாறுவதால் அதுவும் உகந்ததன்று.

முருகைக்கல்லைத் தொடாதீர்கள்

தொட்டியை அழகுபடுத்தக் கடற்கரையிலிருந்து முருகைக்கல் கொண்டு வரும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இலங்கையில் வன்முருகைகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. 1998இல் கடல் வெப்பம் கூடியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டியை அடுத்த பார் றீஃப் பகுதியிலும் முருகைகள் வெளிறிப் பெருமளவில் இறந்தன. எஞ்சியதையும் வளரத் தொடங்கியதையும் உடைத்துக் கொண்டுவருவது, மீன்களின் வீட்டை இடித்து நம் வீட்டை அலங்கரிப்பதற்குச் சமம்.

அதற்குப் பதிலாக மீன்தொட்டிக்கெனச் செய்யப்பட்ட பீங்கான் கற்களைப் பாவிக்கலாம். மெருகு பூசாத புதிய மண்சட்டியை உடைத்து, கூரான விளிம்புகளை உரசி, நன்கு கழுவி அடுக்கினால் மீன்களுக்கு அருமையான ஒளிவிடம் கிடைக்கும். கோமாளி மீன்கள் மண்சட்டியில் முட்டையிடவும் செய்யும்.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள்

மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் தீங்கானதே. இன்னொரு வகை அதனை நைத்திரேற்றாக மாற்றும். இது அளவோடு இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும். இந்தப் பற்றீரியாக்கள் கற்களிலும் மணலிலும் ஃபில்டரிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும்.

எனவே நீர் நிரப்பி, பம்பை இயக்கி, சிறு இறால் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். அது அழுகும்போது வரும் அமோனியாவே பற்றீரியாக்களின் உணவு. வாரம் இரு முறை நீரைச் சோதித்துக் குறித்து வையுங்கள். அமோனியா ஏறி இறங்கும். பின்னர் நைத்திரைற்று ஏறி இறங்கும். இரண்டும் பூச்சியமாகி, நைத்திரேற்று தென்பட்ட பிறகே முதல் மீன் வர வேண்டும். இந்த அட்டவணையைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். மீனில்லாத தொட்டியில் என்ன நடக்கிறது என்று அவர்கள் கற்றுக்கொள்ளும் விஞ்ஞானப் பாடம் அது.

எந்த மீனை வாங்குவது?

80 லீற்றருக்கு ஒரு சோடிக் கோமாளி மீனும், பின்னர் ஒரு சிறு கோபி மீனும் போதும். கோமாளி மீன்கள் பண்ணைகளில் இனப்பெருக்கம் செய்யப்படுகின்றன. பண்ணையில் பிறந்ததையே கேட்டு வாங்குங்கள். அவை தொட்டி வாழ்வுக்குப் பழகியவை. கடலிலிருந்து ஒரு மீனைப் பிரிக்க வேண்டியும் இராது. இவை யாவும் முதலில் ஆணாகவே வளர்பவை. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறித் தலைமை தாங்கும். முட்டைகளைக் காப்பதில் பெரும்பங்கு தந்தையுடையது!

வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல முருகைகளை உண்பவை. தொட்டியில் பட்டினி கிடந்து இறக்கும். பிற மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் நீலக்கோட்டு மீனின் கதியும் பெரும்பாலும் அதுவே. புளூ டாங் 30 சென்ரிமீற்றர் வரை வளரும். சிங்க மீனின் முட்களில் நஞ்சு உண்டு. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது ஆகாது.

மீனைக் கொண்டு வந்ததும் பையோடு 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பின்னர் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, முக்கால் மணித்தியாலத்தின் பின் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பையிலுள்ள நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

நாளாந்தம், வாராந்தம்

ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். கண்ணாடியில் ஒரு கோடு வரைந்து, நீர் குறையும் அளவுக்குத் தினமும் நன்னீரை மட்டும் சேருங்கள். இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவு உணவைத் தினம் ஒரு முறையோ இரு முறையோ போட்டால் போதும். அதிக உணவே அதிகத் தொட்டிகளைக் கெடுக்கிறது.

வாரம் ஒருமுறை 8 லீற்றர் நீரை எடுத்துவிட்டு, முந்திய நாளே கரைத்து வைத்த உப்பு நீரைச் சேருங்கள். இதற்கு 280 கிராம் உப்பு செல்லும். மாதத்துக்கு ஒரு கிலோகிராமுக்குச் சற்று அதிகம் என்று வீட்டுச் செலவில் எழுதிக்கொள்ளலாம். உப்பை நேரடியாகத் தொட்டிக்குள் போடாதீர்கள். வாளியைத் தொட்டிக்கென்றே ஒதுக்குங்கள். சவர்க்காரம் பட்ட வாளி கூடாது. தொட்டியுள்ள அறையில் நுளம்புத் திரி, பூச்சி மருந்து, சாம்பிராணிப் புகை ஆகியவற்றைத் தவிருங்கள். காற்றுப் பம்ப் அந்தக் காற்றையே நீருக்குள் செலுத்தும்.

வெப்பம் 25 முதல் 28 பாகைக்குள் இருப்பது நல்லது. வெயில் காலத்தில் நீரின் மேற்பரப்பில் சிறு மின்விசிறியின் காற்றுப் பட்டால் இரண்டு மூன்று பாகை குறையும். அப்போது நீர் கூடுதலாக ஆவியாகும் என்பதையும் மறவாதீர்கள். நுவரெலியா போன்ற குளிர்ப் பிரதேசங்களில் ஹீற்றர் தேவைப்படும்.

மின்வெட்டுக்கும் ஆயத்தமாக இருங்கள். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததை நாம் மறக்கவில்லை. நீர் அசையாவிட்டால் ஒட்சிசன் குறைந்து மீன் திணறும். பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். அதுவும் இல்லாத நேரத்தில், சுத்தமான கோப்பையால் தொட்டி நீரை அள்ளி அள்ளி மெதுவாக ஊற்றுவதும் உதவும்.

பராமரிக்க முடியாத நிலை வந்தால் மீனைக் கடலிலோ வாவியிலோ விட்டுவிடாதீர்கள். வேறிடத்து மீனும் அது சுமக்கும் நோயும் அங்குள்ள உயிர்களுக்கு ஆபத்தாகலாம். நமது கடலில் இயல்பாக வாழும் சிங்க மீன் 1985இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரத்தில் முதன்முதலாகக் காணப்பட்டது. மீன்தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே அங்கு பெருகின என்று கருதப்படுகிறது. இன்று அவை அப்பகுதியின் சிறு மீன்களைத் தின்று அழிக்கின்றன. ஆகவே மீனை விற்ற கடையிலோ, வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடமோ ஒப்படையுங்கள்.

நன்கு பராமரித்தால் கோமாளி மீன் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இன்று ஐந்து வயதில் மீன் கேட்கும் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதும் காலத்திலும் அந்த மீன் உங்கள் முன்னறையில் நீந்திக்கொண்டிருக்கலாம். அவ்வளவு காலப் பொறுப்பை ஏற்க முடியுமா என்று குடும்பமாக இருந்து பேசி முடிவெடுங்கள். முடியும் என்றால், முதல் ஆறு வாரக் காத்திருப்பை இன்றே தொடங்கலாம்.