அடங்கத் தெரிந்த புரதம்

அட்ரினலின் சுரந்ததும் இதயம் படபடக்கிறது. ஆனால் அந்த ஹார்மோன் இதயச் செல்லுக்குள் நுழைவதே இல்லை. செல்சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் ஏற்பிப் புரதத்தை வெளியிலிருந்து தொடுகிறது, அவ்வளவுதான். ஏற்பி சற்றே வடிவம் மாற, உட்புறமுள்ள ஜி-புரதம் தன்னிடமிருந்த குவானோசின் டைபாஸ்பேட்டை உதறிவிட்டு டிரைபாஸ்பேட்டைப் பற்றிக்கொண்டு இயங்கத் தொடங்குகிறது. பார்வையும் மணமும்கூட இந்த வழியில்தான் நமக்குக் கிடைக்கின்றன. இன்று புழக்கத்திலுள்ள மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இத்தகைய ஏற்பிகளையே குறிவைக்கின்றன. இதை விளக்கும்போது, செய்தி வந்து சேரும் அழகிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அதைவிட முக்கியமானது அடுத்த சில நொடிகளில் நடப்பது என்பேன்: ஜி-புரதம் தான் பற்றிய டிரைபாஸ்பேட்டிலிருந்து ஒரு பாஸ்பேட்டைத் தானே வெட்டியெறிந்து அடங்கிவிடுகிறது.

அந்த வெட்டு நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காலராவே சாட்சி. காலராக் கிருமி ஒரு நச்சைச் சுரக்கிறது என்று 1959இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே நிறுவினார். அந்த நச்சு குடல் செல்லுக்குள் புகுந்து, ஜி-புரதத்தின் 201ஆம் இடத்திலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு மூலக்கூறுத் துண்டை ஒட்டிவிடுகிறது. வெட்டும் திறன் போய்விடுகிறது. எந்த ஹார்மோனும் அழைக்காமலே, செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு பெருகுகிறது. குளோரைடு வழிகள் திறந்தே கிடக்கின்றன. உப்பின் பின்னால் நீரும் போகிறது, கடுமையாகத் தாக்கப்பட்டவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை. வெளியிலிருந்து வந்த கிருமியின் வேலைதானே இது என்று கேட்கலாம். மெக்யூன்-ஆல்பிரைட் என்ற அரிய நோயில் கிருமியே கிடையாது. கரு வளரத் தொடங்கும்போது ஏதோ ஒரு செல்லில் அதே 201ஆம் ஆர்ஜினின் மரபணுப் பிழையால் மாறிவிடுகிறது. அதிலிருந்து பெருகும் செல்களெல்லாம் ஓயாமல் சமிக்ஞை அனுப்ப, எலும்பு வலுவிழக்கிறது, தோலில் பழுப்புத் திட்டுகள் படர்கின்றன, சில குழந்தைகள் காலத்துக்கு வெகு முன்பே பருவமடைகிறார்கள்.

கக்குவான் இருமல் கிருமியின் நச்சு வேறொரு ஜி-புரதத்தை இயங்கவே விடாமல் தடுக்கிறது. அப்படியானால் இயங்காததும் நோய்தானே? உண்மை. ஆனால் அந்தப் புரதத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று சைக்ளிக் ஏஎம்பி உற்பத்தியை அடக்குவது. அங்கேயும் பறிபோவது கட்டுப்பாடுதான். இதைவிட வலுவான ஆட்சேபம் உப்பு-சர்க்கரைக் கரைசலிலிருந்து வருகிறது. 1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பன்கான் முகாமில் திலீப் மஹலனாபிஸ் காலரா நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காத்தார். அக்கரைசல் ஜி-புரதத்தைத் தொடுவதே இல்லை. சர்க்கரையோடு சோடியத்தை உள்ளிழுக்கும் வழி நச்சுக்குத் தப்பியிருப்பதால், அதன் வழியே இழந்த நீரை ஈடுகட்டுகிறது. சமிக்ஞையை அடக்காமலே பிழைக்க முடிவதற்குக் காரணம், குடலின் உட்பரப்புச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாட்களில் உதிர்ந்து புதியவை வந்துவிடுவதுதான். சிக்கிப்போன புரதத்தை உடல் பழுதுபார்ப்பதில்லை, செல்லையே கழித்துவிடுகிறது. மெக்யூன்-ஆல்பிரைட் குழந்தையின் எலும்பிலோ, பிழையுள்ள செல்லிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு புதிய செல்லும் அதே பிழையோடுதான் பிறக்கிறது. அந்தப் புரதத்தை அடக்கும் மருந்து இன்னும் கைக்கு வராததால், மருத்துவர்கள் முறிந்த எலும்பையும் மிகையான ஹார்மோனையும் தனித்தனியே சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள்.