மோட்டாரைத் தூக்கும் முன் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பாருங்கள்!

கோடை தொடங்கிவிட்டால் மோட்டார் பற்றிய கேள்விகள் வரிசையாக வரும். ‘பட்டனை அழுத்தினால் உறுமுகிறது, ஓடவில்லை’, ‘பத்து நிமிஷம் ஓடித் தானாக நின்றுவிடுகிறது’, ‘தொட்டி வழிந்தும் நிற்கவில்லை’. கேள்விகள் வேறு வேறாக இருந்தாலும் கடைசி வரி மட்டும் ஒன்றுதான்: ‘காயில் போய்விட்டதோ? மோட்டாரைத் தூக்கிவிடலாமா?’

போர்வெல்லிலிருந்து மோட்டாரைத் தூக்க வண்டி வேண்டும், ஆள் வேண்டும். தூக்கிய பிறகு ‘மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று தெரிந்தாலும் கூலி கூலிதான். அதற்குள் பிஞ்சு விட்ட கத்தரி மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் நின்றிருக்கும். கிணற்றுக்குள் இருக்கும் மோட்டாரைச் சந்தேகிப்பதற்கு முன்னால், மேலே இருக்கும் ஸ்டார்ட்டர், பிரிவென்டர், மிதவை ஸ்விட்ச், சென்சார் ஒயர் இவற்றைப் பார்த்துவிட வேண்டும். வெயில், ஈரம், எறும்பு, பல்லி, குளவிக்கூடு எல்லாம் குடியிருப்பது அங்கேதானே!

டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள்

முதலில் பார்க்க வேண்டியது கரண்ட். டெஸ்டரை வைத்து, மூன்று கம்பியிலும் விளக்கு எரிகிறது, மூன்று பேஸும் வருகிறது என்று முடிவு செய்துவிடுகிறோம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு பேஸ் போயிருந்தாலும், லைனில் ஏதாவது ஒரு மோட்டார் இணைப்பில் இருந்தால், மற்ற பேஸ்களிலிருந்து அதன் காயில் வழியாகத் திரும்பி வரும் மின்சாரம் போன கம்பியிலும் டெஸ்டரை எரிய வைக்கும். அது உங்கள் மோட்டாராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பக்கத்துத் தோட்டத்து மோட்டாராகவும் இருக்கலாம்.

600 வோல்ட் ஏசி வரை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அதன் ஒயரில் வெடிப்போ, சுரண்டலோ இருக்கக் கூடாது. குமிழை ஏசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு-மஞ்சள், மஞ்சள்-நீலம், நீலம்-சிவப்பு என்று இரண்டிரண்டு பேஸாக அளந்து பாருங்கள். மூன்று அளவும் 415 வோல்ட்டை ஒட்டி, ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒரு ஜோடி சரியாக இருந்து மற்ற இரண்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் ஒரு பேஸ் இல்லை என்று பொருள். குமிழை ஓம்ஸிலோ ஆம்பியரிலோ வைத்துக்கொண்டு லைனைத் தொட்டுவிடாதீர்கள். மீட்டர் கையிலேயே வெடிக்கும்.

பேஸ் போனது உங்கள் மெயின் ஸ்விட்ச் ஃபியூஸிலா, அதற்கு முன்னாலா என்பதையும் இதே அளவில் கண்டுபிடித்துவிடலாம். முன்னால் என்றால் லைன்மேனைக் கூப்பிடுங்கள். டிரான்ஸ்பார்மரில் தாங்களே ஃபியூஸ் போடப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு.

ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்தத்தான் பிரிவென்டர் இருக்கிறது. அது அடிக்கடி நிறுத்துகிறது என்று எரிச்சல்பட்டு அதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுப்பது, கன்டென்சர் வைத்து இரண்டு பேஸில் ஓட்டுவது இரண்டும் நம் ஊர்களில் சாதாரணம். இதைவிட மோட்டாரைக் கெடுக்க வேறு வழி தேவையில்லை. காயில் எரிந்து வைண்டிங் கடைக்குப் போனால், பிரித்ததும் நீங்களே பாருங்கள். மூன்று பேஸ் காயிலும் ஒரே மாதிரி கருகியிருந்தால் ஓவர்லோடோ, குறைந்த வோல்ட்டேஜோ காரணமாக இருக்கலாம். ஸ்டார் இணைப்பில் இரண்டு கருகி ஒன்று நன்றாக இருந்தாலும், டெல்டா இணைப்பில் ஒன்று மட்டும் கருகியிருந்தாலும் ஒரு பேஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் காயில் மட்டும் கட்டினால் மறுபடியும் அதே கடைக்குத்தான் போக வேண்டும்.

லைன் வேலை நடந்த பிறகு தண்ணீர் குறைந்துவிட்டதா? பேஸ் வரிசை மாறி மோட்டார் எதிர்த்திசையில் சுற்றலாம். உள்ளே வரும் கம்பிகளில் ஏதாவது இரண்டை எலக்ட்ரீஷியனிடம் மாற்றிப் போடச் சொன்னால் போதும்.

பெட்டிக்குள் கை வைக்கும் முன்

மெயினை இறக்குங்கள், ஆட்டோ ஸ்விட்சையும் நிறுத்துங்கள். ஆட்டோ போட்டிருந்தால் கரண்ட் வந்ததும் மோட்டார் யாரையும் கேட்காமல் ஓடும். மீட்டரை வைத்து வோல்ட் இல்லை என்று பார்த்த பிறகுதான் கை.

பச்சை பட்டனை அழுத்தியும் ‘டக்’ என்ற சத்தமே இல்லையென்றால் ஸ்டார்ட்டர் காயிலுக்கு மின்சாரம் போகவில்லை. அந்த மின்சாரம் ஒரு பேஸிலிருந்து கிளம்பி, ஓவர்லோடு ரிலே, சிவப்பு பட்டன், பிரிவென்டர், சென்சார் என்று ஒவ்வொன்றாகக் கடந்து காயிலுக்குப் போகிறது. சங்கிலி எங்கே அறுந்தாலும் ஸ்டார்ட்டர் இழுக்காது. ஓவர்லோடு விழுந்திருந்தால் ரீசெட் செய்யுங்கள். பிறகு மல்டிமீட்டரைச் சத்தம் எழுப்பும் நிலையில் வைத்து, சிவப்பு பட்டனின் ஒயரைக் கழற்றிவிட்டு இரு முனைகளையும் தொடுங்கள். அழுத்தாதபோது சத்தம் வர வேண்டும், அழுத்தினால் நிற்க வேண்டும். பச்சை பட்டன் இதற்கு நேர் எதிர். சிவப்பு பட்டனின் முனைகளுக்கு நடுவே ஓர் எறும்பு நசுங்கிக் கிடந்தால் போதும், மோட்டார் ஓடாது.

பச்சையை அழுத்திப் பிடித்தால் ஓடி, விட்டால் நின்றால், பிடித்து வைக்கும் துணைக் காண்டாக்ட் கெட்டிருக்கிறது. ‘டர்ர்’ என்று அதிர்ந்தால் வோல்ட்டேஜ் குறைவு, அல்லது காந்த முகத்தில் தூசியும் துருவும். உலர்ந்த துணியால் துடையுங்கள், அரம் போட வேண்டாம். சிறிது நேரம் ஓடி ஓவர்லோடு விழுந்தால், உடனே அதன் அளவைக் கூட்டி வைக்கிறார்கள். மோட்டார் தகட்டில் எத்தனை ஆம்பியர் என்று இருக்கிறதோ அதுதான் அளவு. கிளாம்ப் மீட்டரில் அதைவிட அதிகம் காட்டினால் மோட்டாரிலோ, பம்பிலோ, வோல்ட்டேஜிலோ கோளாறு.

சென்சார் சொல்லும் பொய்

மிதவை ஸ்விட்சுக்குள் ஓர் உலோகக் குண்டு உருண்டு சிறிய ஸ்விட்சை அழுத்துகிறது, அவ்வளவுதான். ஒயரைக் கழற்றி, மிதவையை மேலும் கீழும் சாய்த்து மீட்டரில் பாருங்கள். சத்தம் மாறாவிட்டால் மிதவையை மாற்றிவிடலாம்.

கம்பி வகை சென்சாரில் உப்புத் தண்ணீர்தான் எதிரி. கம்பிகளின் மேல் வெள்ளையாகப் படிந்தால் தண்ணீர் இருந்தும் ‘இல்லை’ என்கிறது. கம்பிகளுக்கு நடுவே ஈரமான படிவு பாலம் போட்டால் தண்ணீர் இல்லாமலே ‘இருக்கிறது’ என்கிறது. எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் துடைத்தால் சரியாகும். குறைந்த வோல்ட் சென்சாராக இருந்தால், மெயினை இறக்கிவிட்டு கன்ட்ரோல் பெட்டியில் அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, மூடிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ‘தண்ணீர் இருக்கிறது’ என்று காட்டினால் பெட்டி நல்லது, கோளாறு கீழே ஒயரில். பார்த்ததும் ஒயரை எடுத்துவிடுங்கள். மறந்தால் மோட்டார் வறண்டு ஓடும்.

இப்போது பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகள் மண் ஈரத்தைப் பார்த்து மோட்டாரை ஓட்டும் சின்னச் சின்ன போர்டுகளைச் செய்து கொண்டுவருகிறார்கள். நல்ல முயற்சி, ஊக்கப்படுத்துங்கள். ஆனால் அந்தப் போர்டிலுள்ள நீல நிற ரிலேயில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படிக்கச் சொல்லுங்கள். 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று இருக்கும். நம் ஸ்டார்ட்டர்கள் பலவற்றின் காயில் இரண்டு பேஸுக்கு நடுவே 415 வோல்ட்டில் வேலை செய்வது. அதை நேராக அந்த ரிலேயிலோ, 250 வோல்ட் மிதவையிலோ கொடுத்தால் ரிலே முனை ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்காமல் ஓடலாம், தொட்டித் தண்ணீருக்குள் மின்சாரம் இறங்கலாம். நடுவே 230 வோல்ட் காயில் உள்ள கான்டாக்டர் ஒன்றை எலக்ட்ரீஷியன் வைத்துத் தரட்டும். மண்ணில் குத்தும் இரண்டு முள் சென்சார் சில வாரங்களிலேயே அரித்துவிடும். முள் வெளியே தெரியாத கெபாசிட்டிவ் வகை அதிக நாள் வரும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லையா? அப்போதுதான் மோட்டார் மேல் சந்தேகம். மெயினை இறக்கி மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளையும் கழற்றி, ஓம்ஸில் இரண்டிரண்டாக அளந்தால் மூன்றும் சமமாக வர வேண்டும். எர்த் கசிவுக்கு மல்டிமீட்டர் போதாது, எலக்ட்ரீஷியனின் மெக்கர் தேவை.

மோட்டார் நன்றாக ஓடும் நாளில் மூன்று பேஸ் வோல்ட், மூன்று கம்பியின் ஆம்பியர் இரண்டையும் அளந்து பெட்டிக் கதவின் உட்புறம் தேதியோடு எழுதி வையுங்கள். எங்களுக்குக் கேள்வி அனுப்பும்போதும் அந்த எண்களையும், கோளாறு வந்த பிறகு அளந்த எண்களையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்ல எளிதாக இருக்கும்.