பார்லி நீரை மட்டும் குடித்தால் போதுமா? வடிகட்டிய தானியத்தில்தான் பெரும் சத்து!

கொல்கத்தா: காய்ச்சல், வயிற்றுக் கோளாறு என்றால் வங்காள வீடுகளில் தலைமுறைகளாக நோயாளிக்குக் கொடுக்கப்படுபவை ஜவ்வரிசிக் கஞ்சியும் பார்லிக் கஞ்சியும். அதே கொல்கத்தாவின் தெருவோரங்களில், உழைப்பாளிகள் வறுத்து அரைத்த 'சாத்து' மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பசியாறுகின்றனர். இது பெரும்பாலும் கொண்டைக்கடலை மாவு, பார்லியிலும் தயாரிக்கப்படுவதுண்டு. வங்காளப் புத்தாண்டுக்கு முந்தைய நாளான சைத்ர சங்கராந்தியன்று பார்லி சாத்தைத் தயிருடன் உண்ணும் வழக்கமும் உள்ளது.

தானியம் ஒன்றே. ஆனால், வடிகட்டிய நீரில் கிடைப்பதும் முழு மாவில் கிடைப்பதும் ஒன்றல்ல.

என்னென்ன சத்துகள்?

உமி மட்டும் நீக்கிய 100 கிராம் பார்லியில் சுமார் 350 கலோரி ஆற்றல், 12 கிராம் புரதம், 17 கிராம் நார்ச்சத்து உள்ளன. மக்னீசியம், செலினியம் ஆகியவையும் உண்டு. கடைகளில் கிடைக்கும் தீட்டிய பார்லி அரிசியில் இவை சற்றுக் குறைவு. எனினும், 'பீட்டா குளுக்கன்' என்னும் கரையும் நார்ச்சத்து தானியம் முழுவதும் பரவியிருப்பதால், தீட்டிய பின்பும் கணிசமாக எஞ்சுகிறது.

இந்த நார்ச்சத்து குடலில் பசை போலாகி, சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தைத் தணிக்கிறது. கெட்ட கொழுப்பைக் குறைக்கவும் உதவுகிறது. நாள்தோறும் 3 கிராம் பீட்டா குளுக்கன் இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று பார்லி உணவுகளில் குறிப்பிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்துள்ளது.

எப்படிப் பயன்படுத்தலாம்?

பார்லி நீரை வடிகட்டும்போது புரதமும் நார்ச்சத்தும் பெருமளவு தானியத்திலேயே தங்கிவிடுகின்றன. வெந்த பார்லியை எறியாமல் மோரில் கலந்தோ, கிச்சடி, சூப், காய்கறிக் கூட்டு ஆகியவற்றில் சேர்த்தோ உண்ணலாம். சப்பாத்தி மாவில் ஒரு பங்கு பார்லி மாவும் கலக்கலாம்.

யாருக்கு எச்சரிக்கை தேவை?

பார்லியில் குளூட்டன் இருப்பதால், சீலியாக் நோயாளிகள் அறவே தவிர்க்க வேண்டும். நீர் அருந்தும் அளவு கட்டுப்படுத்தப்பட்ட சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் ஆலோசனையின்றிப் பார்லி நீர் அருந்தக் கூடாது.

வயிற்றுப்போக்கின்போது பார்லி நீர், ஓ.ஆர்.எஸ். கரைசலுக்கு மாற்றாகாது. 1971-ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலராவால் பாதிக்கப்பட்ட ஏராளமானோரைக் காப்பாற்றியது, மருத்துவர் திலீப் மகலநோபிஸ் குழுவினர் அளித்த உப்பும் குளுக்கோசும் கலந்த கரைசலே. பார்லி நல்ல உணவு, ஆனால் மருந்தல்ல.