மலடி என்போரே, மாப்பிள்ளையைச் சோதித்தீர்களா?

'மலடி' என்றொரு சொல் நம் தெருக்களிலே திரிகிறது. குழாயடியிலே, கலியாண வீட்டிலே, வளைகாப்புப் பந்தலிலே, பெண்ணைத் தேடி வந்து நெஞ்சிலே தைக்கிறது. 'மலடன்' என்றும் ஒரு சொல் உண்டு. எங்கே? அகராதியிலே! அங்கேயே பிறந்து, அங்கேயே உறங்குகிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்கிறோம்.

மணமாகி இரண்டாண்டு சென்றும் தொட்டில் ஆடவில்லை என்றால் என்ன நடக்கிறது? அரச மரத்தைச் சுற்றுபவள் அவள். மண்சோறு உண்பவள் அவள். ஊசியும் மருந்தும், வயிற்றைத் துளைத்துப் பார்க்கும் சோதனையும் அவளுக்கே. அவனோ, "எனக்கென்ன குறை?" என்று மீசையை முறுக்குகிறான். மீசைக்கும் விந்தணுவுக்கும் என்னய்யா உறவு? மஞ்சத்திலே வல்லவனாக இருப்பது வேறு. விந்தணு போதிய அளவில், போதிய வேகத்தில் இருப்பது வேறு. முன்னது இருந்தால் பின்னதும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

உலக நலவாழ்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்தத் துயரைச் சந்திக்கிறார் என்கிறது. குழந்தையில்லா இணையரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், குறை ஆணிடம் மட்டுமோ, இருவரிடமுமோ இருக்கிறது என்பது மருத்துவம் கண்ட உண்மை. பாதிப் பங்கு அவனுடையது. பழி முழுவதும் அவளுடையதா?

அவன் பங்கிலே இரண்டைப் பற்றி இங்கே பேசுகிறோம். ஒன்று எடை; மற்றொன்று வயது.

தொந்தியைச் செல்வத்தின் சின்னம் என்று போற்றிய நாடு இது. அந்தக் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டையல்ல. வேலை செய்யும் தொழிற்சாலை! ஆணுக்குரிய டெஸ்டோஸ்டிரோன் சுரப்பை அது பெண்ணுக்குரிய ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஈஸ்ட்ரோஜன் மிகுந்ததும், விரைகளுக்கு மூளை அனுப்பும் கட்டளை தளர்கிறது, உற்பத்தி குறைகிறது. உடலைவிடச் சற்றுக் குளிர்ந்த இடத்திலே இருக்க வேண்டிய விரைகள், தொடைக் கொழுப்பின் வெப்பத்திலும் வாடுகின்றன. 13,000-க்கும் மேற்பட்ட ஆடவரைப் பற்றிய 21 ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் ஒரு கணக்கு வந்தது. மிகுந்த பருமன் உடையோருக்கு விந்தணு குறைவாகவோ இல்லாமலோ போகும் வாய்ப்பு, இயல்பான எடையுள்ளோரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்றது அது.

அஞ்ச வேண்டாம்; நம்பிக்கையும் இருக்கிறது. டென்மார்க்கிலே பருமனான 56 ஆடவர், எட்டு வாரம் உணவைக் கட்டுப்படுத்திச் சராசரி 16 கிலோவுக்கு மேல் இளைத்தனர். விந்தணுச் செறிவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காயிற்று. இளைத்த எடையை ஓராண்டு காத்தவர்களிடம் அந்த நன்மையும் நிலைத்தது என்று 2022-இல் அறிவித்தார்கள். விந்தணு உருவாகி முதிர இரண்டரை, மூன்று மாதம் ஆகிறது. ஆகவே இன்று தொடங்கும் முயற்சியின் பலனை மூன்று மாதம் கழித்தே அளக்க வேண்டும்.

எடை இறங்கும், வயது இறங்குமா?

"சார்லி சாப்ளின் 73 வயதில் தந்தையானாரே!" என்பார்கள். ஆனார், 1962-இல் ஆனார். மறுக்கவில்லை. ஒருவர் நீந்திக் கடந்தார் என்பதற்காக, ஆற்றிலே ஆழமில்லை என்று ஆகிவிடுமா? பெண்ணுக்குப்போல் ஆணுக்கு ஒரேயடியாகக் கதவு அடைபடுவதில்லை. மெல்ல மெல்லச் சாய்கிறது. நாற்பதைத் தாண்டத் தாண்ட விந்தின் அளவும் அணுவின் வேகமும் குறைகின்றன. அணுவிலே புதிய மரபுப் பிழைகளும் சேர்கின்றன. 20 வயதுத் தந்தை பிள்ளைக்குத் தருவது சுமார் 25. 40 வயதுத் தந்தை தருவது சுமார் 65 என்று ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 2012-இல் எண்ணிச் சொன்னார்கள். அவற்றிலே பெரும்பாலானவை தீங்கற்றவைதாம். ஆயினும், "ஆணுக்கு வயதேது?" என்ற வீரவசனம் அங்கே வீழ்ந்துபடுகிறது.

இன்னோர் எச்சரிக்கை. கட்டுடல் வேண்டி உடற்பயிற்சிக் கூடங்களிலே சில இளைஞர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து அது வந்ததும், உள்ளே விந்தணு உற்பத்தி அடங்கிவிடுகிறது. தோள் திரளும், தொட்டில் வெறுமையாகும்!

வேண்டுவது என்ன? மனைவி மருத்துவரிடம் செல்லும் அன்றே கணவனும் செல்ல வேண்டும். விந்துப் பரிசோதனைக்குக் கத்தியில்லை, வலியில்லை; செலவும் சிறிது. அவள்மீது நடக்கும் சோதனைகளோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டா? கூச்சத்திலே அவன் கழிக்கும் ஒவ்வோர் ஆண்டும், அவன் வயதோடு அவள் வயதையும் சேர்த்தல்லவா விழுங்குகிறது?

மாமியாராகிவிட்ட தாய்மார்களுக்கும் சொல்கிறோம்: மருமகளை மறுமுறை ஏசுமுன் மகனின் முடிவுத்தாளைக் கேளுங்கள். அதிலே குறையிருந்தாலும் அவனை ஏச வேண்டாம். குறை குற்றமல்ல, இருபாலார்க்கும் அல்ல. மறைப்பதும், அந்த மறைவிலே நின்றுகொண்டு ஒருத்தியை மலடி என்பதுமே குற்றம்.

அந்தச் சொல்லை வீட்டைவிட்டு விரட்டுங்கள். அதன் ஆண்பாலையும் அகராதியிலிருந்து அழைத்துவர வேண்டாம். இருவரும் ஒன்றாய்ப் புறப்படட்டும், மருத்துவமனைக்கு!