புதுக் குடோன் கட்டுவோர் கவனத்திற்கு

நம் வல்லம், திண்டிவனம் வட்டாரத்தில் புதிதாகக் கடையோ குடோனோ எழுப்பும் வணிகர்கள், தகடு எத்தனை, ஷட்டர் எத்தனை அடி என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்ப்பதில்லை. சித்திரை வந்ததும் தகட்டுக் கூரையின் கீழ் வெல்லம் இளகுகிறது, எண்ணெயில் சிக்கு வாடை ஏறுகிறது, பருப்பில் வண்டு பெருகுகிறது. பிறகு மின்விசிறி, ஏ.சி. என்று மாதாமாதம் மின் கட்டணம். சரக்கின் லாபம் அதிலேயே கரைகிறது.

சுற்றுச்சூழலுக்கு உகந்த கட்டடம் என்பது பெரிய பல்கலைக்கழகங்களுக்கான சங்கதி என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை. நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே ஆரோவில் பார்வையாளர் மையம் இருக்கிறது. சுமார் 13,000 சதுர அடி. ஏழைகளுக்கான கட்டடக் கலைக்கென எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி பெயரில் வழங்கப்படும் விருதை 1992இல் பெற்றது.

அதன் சுவர்கள் சூளையில் வேகாத மண் கற்களால் ஆனவை. மேல்மண்ணை நீக்கிவிட்டு அடிமண்ணை எடுத்துச் சலித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து, கை இயந்திரத்தில் அழுத்தி எடுக்கிறார்கள். பிறகு நான்கு வாரம் ஈரம் காயாமல் மூடி வைக்க வேண்டும். விறகுச் செலவு இல்லை, புகை இல்லை. ஆனால் எல்லா மண்ணும் உதவாது. களி மிகுந்த மண் என்றால் கல் வெடிக்கும். மண்ணைச் சோதிக்காமல் இதில் இறங்குவது வீண் செலவு.

வாசல்களுக்கு மேல் கம்பி போட்ட காங்கிரீட்டுக்குப் பதில் வளைவு கட்டலாம். மண் கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வளைவில் பாரம் முழுவதும் அழுத்தமாகவே இறங்குவதால் கம்பி வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் செங்கல்லில் கட்டிய வளைவுகளும் இதே கணக்குதான்.

புதுச்சேரியில் 1930களில் தொடங்கிக் கட்டிய கோல்கொண்டா விடுதி இன்னொரு பாடம். அதன் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. அவை முழுவதும் காற்றுக்கும் மழைக்கும் தக்கபடி திருப்பிக்கொள்ளும் கிடைப்பலகைகள். கூரையிலும் இரண்டு அடுக்கு, நடுவே காற்று இடைவெளி.

நமக்கு முதலில் வேண்டியது இந்தத் திசைக் கணக்குதான். காலை, மாலை வெயில் சாய்வாக விழுந்து கிழக்கு, மேற்குச் சுவர்களைச் சுடும். ஆகவே குடோனின் குறுகிய பக்கங்களை அந்தத் திசைகளில் வைத்து, நீளப் பக்கங்களில் காற்றுவழி விடுங்கள். மேஸ்திரி நூல் பிடிக்கும் அன்றே சொன்னால் காசு செலவில்லை. கட்டிய பின் திருப்ப முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்று புகுந்தால் நிலக்கடலை பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே காற்றுவழிகளுக்கு மூடு கதவும் எலி புகாத வலையும் அவசியம்.

ஏற்கெனவே காங்கிரீட் தளம் உள்ளவர்கள் கோடைக்கு முன் மேல்தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். மழைநீரையும் வீணாக்க வேண்டாம். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 2,300 லிட்டர். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் கட்டாயம். குழியைச் சுவரை ஒட்டித் தோண்டாமல் தள்டித் தோண்டுங்கள், அடிமூட்டை நனையாது.