டபுள் ஷாக் சைக்கிளும் ஃபுல் சஸ்பென்ஷனும் ஒண்ணா? திண்டுக்கல்லில் டிரெயில் ஓட்ட எதை வாங்கலாம்?

முன்னாடி ஒரு ஷாக், பின்னாடி ஒரு ஷாக், 21 கியர், டிஸ்க் பிரேக். விலை பதினைந்தாயிரத்துக்குள். சைக்கிள் கடையிலோ ஆன்லைனிலோ இப்படி ஒரு வண்டியைப் பார்த்ததும், ஞாயிற்றுக்கிழமை சிறுமலை அடிவாரம் வரை போய்வர இதுவே போதுமே என்று தோன்றும். யூடியூபில் ஒருவர் பாறைகளின் மேல் தடதடவென இறங்கும் வண்டியிலும் அதே இரண்டு ஷாக்தான் இருக்கிறது. ஆனால் அதன் விலை லட்சங்களில். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு வித்தியாசம் ஏன்? முதல் சம்பளத்தில் ஒரு நல்ல மவுன்டன் பைக் வாங்கணும் என்று சேர்த்துவைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. தப்பான வண்டியை வாங்கினால் காசு மட்டும் போகாது. இறக்கத்தில் பல்லும் போகலாம்.

ஸ்பிரிங் இருந்தால் போதுமா?

பழைய பைக்கில் ஷாக் அப்சார்பர் ஆயில் கசிந்துவிட்டால் வண்டி எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்க. ஸ்பிரிங் அப்படியேதான் இருக்கும். ஆனால் ஒரு பள்ளத்தில் இறங்கினால் வண்டி நாலு தடவை துள்ளும். காரணம் எளிது. ஸ்பிரிங் அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும், வாங்கியதை அப்படியே திருப்பியும் கொடுக்கும். திருப்பிக் கொடுக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது உள்ளே இருக்கும் ஆயில். சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக ஆயில் நெருக்கிக்கொண்டு போகும்போது அந்த ஆற்றல் சூடாக மாறிக் கரைந்துவிடும். இதைத்தான் டேம்பிங் என்கிறார்கள்.

நம்ம ஊரில் 'டபுள் ஷாக்' என்று விற்கப்படும் விலை குறைந்த சைக்கிள்களில் பெரும்பாலானவற்றின் பின்பக்கம் இருப்பது வெறும் ஸ்பிரிங்தான். தார் ரோட்டில் சீட்டில் உட்கார்ந்தபடி மெதுவாகப் போகும்போது சொகுசாக இருக்கும். கல் நிறைந்த இறக்கத்தில் அடுத்தடுத்து நாலு கல் வந்தால், ஒவ்வொரு துள்ளலும் அடுத்ததோடு சேர்ந்து பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கும். தரையில் ஒட்டாத சக்கரத்தில் பிரேக் பிடித்து என்ன ஆகப்போகிறது?

இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். சீட்டின் மேல் இரண்டு கையையும் வைத்து, உடம்பு எடையைப் போட்டு அழுத்திச் சட்டென விடுங்க. மேலே வந்து ஒரே தடவையில் அடங்கினால் உள்ளே டேம்பிங் இருக்கிறது. டொய்ங் என்று எகிறினால் அது வெறும் ஸ்பிரிங். ஷாக்கில் ஒரு திருகு இருக்கிறதே என்று கடைக்காரர் காட்டலாம். ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கும் பிரிலோடு வளையமும், துள்ளலை அடக்கும் ரீபவுண்ட் திருகும் வேறு வேறு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

எடை இன்னொரு தலைவலி. இந்த வகை இரும்பு ஃபிரேம் வண்டிகள் பல 17 முதல் 20 கிலோ வரை இருக்கும். மிதிக்கும்போதெல்லாம் பின்ஷாக் அமுங்கி அமுங்கி எழும். உங்கள் கால் பலத்தில் ஒரு பங்கு அந்த ஸ்பிரிங்குக்கே போய்விடும். பின்பக்க ஃபிரேம் மடங்கும் மூட்டு இன்னும் முக்கியம். நல்ல வண்டியில் அங்கே சீல் செய்த பேரிங் இருக்கும். மலிவான வண்டியில் பிளாஸ்டிக் புஷ்தான். நம்ம ஊர் செம்மண் தூசி ஆறு மாதம் அதில் அரைத்தால், பின்சக்கரம் இடவலமாக ஆட ஆரம்பித்துவிடும்.

வெளிநாட்டு 'பட்ஜெட்' நமக்கு பட்ஜெட் இல்லை

இந்தோனேசியாவின் பாலிகான் சிஸ்கியூ, தைவானின் ஜயண்ட் ஸ்டான்ஸ் போன்ற மாடல்களை வெளிநாட்டு ரிவ்யூக்களில் 'மலிவான ஃபுல் சஸ்பென்ஷன்' என்று கொண்டாடுவார்கள். டாலரில் கேட்கும்போது சின்னத் தொகையாகத் தெரியும். ரூபாயில் மாற்றினால் லட்சத்தைத் தாண்டும். அதன் மேல் இறக்குமதி வரி வேறு. 2023 பட்ஜெட்டில் சைக்கிள்களுக்கான சுங்க வரி 30 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாக உயர்ந்தது. ஒரு நல்ல செய்தி, சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய ஸ்டாக்குக்குப் பழைய வரியைப் போடுகிறார்களா என்று பில்லில் பார்த்துக்கோங்க.

ஆக, இந்தியாவில் டேம்பிங் உள்ள, பாறையில் இறக்கக்கூடிய புது ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி வேண்டுமென்றால் லட்சத்துக்கு மேல்தான் பேச்சு. இருபதாயிரத்துக்கும் லட்சத்துக்கும் நடுவில் இரண்டு ஷாக்கோடு ஏதாவது தென்பட்டால், அது எதில் மிச்சம் பிடித்திருக்கிறது என்று தேடிப் பார்ப்பது நல்லது.

நம்ம மண் என்ன கேட்குது?

இங்கேதான் பலரும் தடம் மாறுகிறார்கள். வீடியோவில் பார்க்கும் மலைக்கு வண்டி தேடுகிறோம்; ஓட்டப்போவதோ திண்டுக்கல் சமவெளியில். குளக்கரை, கண்மாய்க் கரை, வண்டிப்பாதை, வறண்ட ஓடை, காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் போகும் மண் ரோடு. இங்கே பெரிய பாறைச் சரிவுகள் குறைவு. அதிகம் இருப்பது மணல், சரளைக்கல், முள்.

முள்தான் உண்மையான வில்லன். சீமைக் கருவேல முள் ஒன்று போதும், வேகமாக ஓட்டுகிறவரை டியூபும் கையுமாக உட்கார வைக்க. மழைக்குப் பிறகு நெருஞ்சி வேறு. இதற்கு எந்த ஷாக்கும் உதவாது. டியூப்லெஸ் டயர் உதவும். டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் முள் குத்திய ஓட்டையை நொடிகளில் அடைத்துவிடும். நம்ம வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். எனவே வண்டி வாங்கும்போதே ரிம் டியூப்லெஸுக்குப் பொருந்துமா என்று கேளுங்க. பின்னால் மாற்றுவது செலவு.

டியூப்லெஸில் இன்னொரு லாபம், காற்றைக் குறைத்து ஓட்டலாம். வழக்கமான கடையில் காற்றடித்தால் டயர் கல் மாதிரி ஆகும்வரை அடித்துவிடுவார்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 2.2 இன்ச் டியூப்லெஸ் டயரில் 25 பிஎஸ்ஐ பக்கம் இருந்தாலே போதும். டயரே சின்னக் கற்களை விழுங்கிக்கொள்ளும். டியூப் உள்ள வண்டியில் இவ்வளவு குறைத்தால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

அமெரிக்காவின் மரின் கவுன்ட்டியில் 1970-களில் இந்த விளையாட்டு தொடங்கியபோது யாரிடமும் ஷாக் கிடையாது. பழைய குண்டு டயர் சைக்கிள்களில்தான் மலை இறங்கினார்கள். அங்கே 1976-ல் தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் பின்பிரேக் ஹப்பில் கிரீஸ் எரிந்து புகைந்துபோகும், திரும்பக் கிரீஸ் வைத்து அடைக்கணும் என்பதால் வந்த பெயர். ராக்‌ஷாக்ஸின் முன்ஷாக் சந்தைக்கு வந்ததே 1989-ல்தான். அதுவரை எல்லா வேலையையும் டயரும் முழங்கையும் முழங்காலும்தான் பார்த்தன.

அப்போ சிறுமலைக்கு? ஊரிலிருந்து 25 கி.மீ. தூரம், 18 கொண்டை ஊசி வளைவு. ஆனால் அது தார் ரோடு. அங்கே உங்களுக்கு வேண்டியது பின்ஷாக் இல்லை, ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். 'டிஸ்க் பிரேக்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது கேபிளில் இழுக்கும் மெக்கானிக்கல் டிஸ்க்காக இருக்கலாம். நீண்ட இறக்கத்தில் கேபிள் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போகும். ஹைட்ராலிக்கில் ஒரு விரல் போதும்.

சரி, எவ்வளவு காசுக்கு எது?

முப்பதாயிரத்துக்குள் என்றால் பின்ஷாக்கை மறந்துவிடுங்க. பின்ஷாக் இல்லாமல், முன்பக்கம் மட்டும் ஷாக் உள்ள 'ஹார்டுடெய்ல்' வாங்குங்க. அதே காசில் ஃபிரேமும் பிரேக்கும் கியரும் ஒரு படி மேலே கிடைக்கும்.

நாற்பதிலிருந்து எழுபதாயிரம் வரை செலவழிக்க முடிந்தால் சமவெளிக்கு இதுதான் சரியான இடம் என்பது என் கருத்து. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றில் இயங்கும் ஏர் ஃபோர்க், ஹைட்ராலிக் பிரேக், டியூப்லெஸ் ரிம், முன்பக்கம் ஒற்றைப் பல்சக்கரம் உள்ள ஹார்டுடெய்ல் தேடலாம். ஏர் ஃபோர்க் ஏன்? ஸ்பிரிங் ஃபோர்க் ஒரு குறிப்பிட்ட எடைக்கு என்று அளந்து வருகிறது. 55 கிலோ ஆளுக்கு அது அமுங்கவே அமுங்காது, 90 கிலோ ஆளுக்கு அடிவரை இடிக்கும். ஏர் ஃபோர்க்கை உங்கள் எடைக்குத் தகுந்தபடி காற்றடித்து வைத்துக்கொள்ளலாம். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஆக்சில் தடிமனான 15 மி.மீ. த்ரூ ஆக்சிலா என்றும் பாருங்க. சாதாரண குயிக் ரிலீஸைவிட அது முன்பக்கத்தை உறுதியாக வைத்திருக்கும்.

லட்சத்துக்கு மேல் போகத் தயார், மாதம் இரண்டு மூன்று தடவையாவது கரடுமுரடான இறக்கங்களில் ஓட்டுவேன் என்றால் மட்டும் ஃபுல் சஸ்பென்ஷன். டிரெயில் வண்டிக்குப் பின்பக்கம் 120 முதல் 150 மி.மீ. டிராவல் என்பது வழக்கமான அளவு. அதற்கு மேல் நம்ம ஊரில் வீண். வாங்கியதும் முதல் வேலை 'சேக்' வைப்பது. ரைடிங் உடை, பை, தண்ணீரோடு சீட்டில் உட்காரும்போது ஷாக் தன் ஓட்டத்தில் 25 முதல் 30 சதவீதம் அமுங்க வேண்டும். ஷாக்கின் ஸ்ட்ரோக் 50 மி.மீ. என்றால், அதில் இருக்கும் ரப்பர் வளையம் 12 முதல் 15 மி.மீ. நகர வேண்டும். இதற்குத் தனி ஷாக் பம்ப் வேண்டும். பெட்ரோல் பங்க் காற்று இதற்கு ஆகாது. இதில் 200 பிஎஸ்ஐக்கு மேலும் போக வேண்டியிருக்கும்.

பராமரிப்புச் செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ராக்‌ஷாக்ஸ் தன் பல மாடல்களுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை அடிப்படை சர்வீஸ் கேட்கிறது. வாரம் மூன்று மணி நேரம் ஓட்டினால் நாலு மாதத்தில் அது வந்துவிடும். சீலும் ஆயிலும் மாற்றத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறாரா, இல்லை ஷாக்கைக் கழற்றி வெளியூருக்கு கூரியர் அனுப்பணுமா என்று காசு கட்டும் முன்பே கடையில் கேட்டுவிடுங்க.

எந்த விலையானாலும் வண்டியோடு வரும் கையேட்டைக் கொஞ்சம் புரட்டுங்க. பல பிராண்டுகள் ஏஎஸ்டிஎம் தரப்படி வண்டிக்கு ஒரு எண் போட்டிருக்கும். 1 என்றால் தார் ரோடு மட்டும். 2 என்றால் மண் ரோடும், 15 செ.மீ. வரையிலான சின்னக் குதிப்பும். கரடுமுரடான பாதைக்கும், 61 செ.மீ.க்குக் குறைவான குதிப்புக்கும் 3 வேண்டும். டிரெயில் ஓட்டுகிறவர்களுக்கு 3-க்குக் கீழே வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் என்றால்

கொஞ்சம் உழைத்தால் நல்ல ஃபுல் சஸ்பென்ஷன் பாதி விலைக்குக் கிடைக்கும். பெங்களூரு, கோவை, சென்னை பக்கம் வாங்கி நாலு தடவை ஓட்டி, பால்கனியில் நிறுத்திவைத்தவர்கள் நிறைய. நேரில் போய்ப் பாருங்க. சீட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கித் தூக்கி விட்டால் மூட்டில் 'டக் டக்' சத்தம் வருகிறதா? பேரிங் போய்விட்டது. ஷாக்கின் பளபளப்பான தண்டில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் காற்றும் ஆயிலும் நிற்காது. மூட்டைச் சுற்றியுள்ள வெல்டிங்கில் தலைமுடி அளவு கோடு தெரிந்தாலும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்க. ஃபிரேம் நம்பர் பில்லோடு பொருந்துகிறதா என்பதும் அவசியம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டின் ஊரில் இருந்துகொண்டு, திருட்டு வண்டியை வாங்கினோம் என்ற பேர் வேண்டாமே.

எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது?

சிறுமலை ரோட்டில் ஓட்டலாம். ரோட்டிலிருந்து பிரிந்து காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. அது காப்புக்காடு, அனுமதி இல்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச்சட்டம் 1882-ன்படி குற்றம். காட்டுமாடுகள் திரியும் இடமும்கூட. கொடைக்கானல் பக்கமும் இதே கதைதான், அங்கே 2013-லிருந்து வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது. வேடசந்தூர், நத்தம் தாலுகாக்களின் குன்றுகள் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்கணும். இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயமாக 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட கடவூர் சரணாலயம், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேருக்குப் பரவியிருக்கிறது. தேவாங்கு இரவில் நடமாடும் உயிரினம். ஹெட்லைட் போட்டுக்கொண்டு நைட் ரைடு போகும் ஆசையை அங்கே வைத்துக்கொள்ளாதீங்க. வனத்துறை 2024-ல் தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' 40 பாதைகளைத் திறந்திருப்பது நடந்து போகிறவர்களுக்காக. அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு சைக்கிளோடு போய் நிற்க முடியாது.

மிச்சம் இருப்பதே நிறைய. குடகனாற்றை ஒட்டிய மண் பாதைகள், ஆத்தூர், சின்னாளபட்டி பக்கத்துக் கிராமத்து வண்டித்தடங்கள், ஊருக்கு ஊர் இருக்கும் குளக்கரைகள். தோட்டத்து வழியாகப் போகும் பாதை என்றால் அங்கே நிற்கிறவரிடம் 'அண்ணே, இப்படிப் போகலாமா?' என்று ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. பெரும்பாலும் வழியும் சொல்லி, நாய் எங்கே கட்டியிருக்கிறது என்றும் சொல்லிவிடுவார்கள். அறுவடைக் காலத்தில் ரோட்டில் சோளமோ கேழ்வரகோ காயப்போட்டிருந்தால் மட்டும், இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்க.