காரத்துக்கு அஞ்சுவோர் தண்ணீரை மறக்கின்றனர்

இந்தியா செல்லும் மேலைநாட்டு உல்லாசப் பயணிகள் பலர் அந்நாட்டு உணவின் காரத்தை எண்ணியே அஞ்சுகின்றனர். அவ்வச்சம் இடம் மாறி நிற்கின்றது. மிளகாய் நாவை எரிக்கும். பழகாத வயிற்றைச் சற்று வருத்தவும் கூடும். ஆனால், பயணத்தின் மூன்றாம் நாளே ஒருவரைப் படுக்கையில் தள்ளும் வயிற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம், அசுத்தமான நீர், உணவு வழியே உடலினுள் புகும் பக்டீரியாக்களே.

நீர் குவளையில் மாத்திரம் வருவதில்லை. பனிக்கட்டி, கழுவித் தூவிய கொத்தமல்லித் தழை, நறுக்கி வைத்த பப்பாளி, பானிபூரியின் புளிநீர் என அது பல வேடங்களில் வரும். முத்திரை உடையாத போத்தலைத் தேடி வாங்கியவர், மறுகணமே பனிக்கட்டி இட்ட கரும்புச் சாற்றை அருந்துவாராயின் போத்தலுக்குக் கொடுத்த பணம் வீண்.

தெருவோரக் கடை என்றதும் முகம் சுளிப்பதும் சரியன்று. கண்முன்னே கொதிக்கும் எண்ணெயில் பொரித்தெடுத்த சமோசா, நட்சத்திர ஹோட்டலில் மணிக்கணக்காக ஆறிக் கிடக்கும் பிரியாணியை விடப் பாதுகாப்பானது. கூட்டம் நிறைந்த கடையில் உணவு தேங்கி நிற்பதுமில்லை.

ஒவ்வாமை உடையோர் வேறொரு வகையில் விழிப்பாயிருத்தல் வேண்டும். வட இந்தியக் குழம்புகள் பலவற்றின் தடிப்புக்குக் காரணம் முந்திரி விழுது. கடையில் விற்கும் பெருங்காயத் தூளில் கோதுமை மா கலப்பது வழக்கம். ஆதலால் கோதுமை ஒவ்வாதவருக்குச் சாம்பாரும் ஆபத்தாகலாம். பொதியிடப்பட்ட உணவுகளில் பச்சைப் புள்ளி சைவத்தையும் பழுப்பு முக்கோணம் அசைவத்தையும் குறிக்கும். அங்கு முட்டை அசைவம். பாலும் நெய்யும் சைவம். விலங்குப் பொருள் எதையும் உண்ணாதோர் பச்சைப் புள்ளியை நம்பி ஏமாறுதல் எளிது.

இவ்வளவுக்கும் பின்னர் நோய் வந்துவிடின், அதற்கான மருந்தின் வல்லமையை உலகுக்குக் காட்டியதும் இந்திய மண்ணே. 1971 இல் கிழக்குப் பாகிஸ்தான் அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது, மேற்கு வங்கத்தின் எல்லை நகரான பொங்கானில் ஊசிவழி ஏற்றும் சேலைன் போதவில்லை. வைத்தியர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பருகக் கொடுத்தார். நூற்றுக்கு 30 வரையிருந்த இறப்பு 4 இற்கும் கீழிறங்கியது. நம் நாட்டில் ஜீவனி என அறியப்படும் கரைசலும் அவ்வகையினதே.

இந்திய மருந்தகங்களில் அதை ஓ.ஆர்.எஸ். என்று கேட்டுப் பெறலாம். அப்பெயரைத் தாங்கி, சீனி மிகுந்த குளிர்பானங்களும் நெடுங்காலம் விற்பனையாகி வந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்கு இசையாத பானங்கள் அப்பெயரைச் சூடுவதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 ஒக்டோபரில் தடை செய்தது. ஆயினும், உறையில் அவ்வளவு குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பார்த்து வாங்குதல் நலம். மலத்தில் இரத்தமோ கடுங்காய்ச்சலோ காணப்படின் கரைசலோடு நில்லாது உடன் வைத்தியரை நாட வேண்டும்.